முப்பது லீட்டர்

ஆற்றுவாய் இன்னும் வெட்டவில்லை.
கச்சேரியில் கூட்டம் நடக்கிறதாம்.
வாவி எங்கள் ஒழுங்கைக்குள் வந்து
முதற்படியை மூடிவிட்டது.
இரண்டாம் படியில் பளீலாவின் செருப்பு.
மூன்றாம் படியில், தகரக் கூரைக்குக் கீழே,
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
நானும் அவளும்
பாலைவனத்துக்குத் தண்ணீர்க் கணக்குப் பார்க்கிறோம்.

ஆளுக்கு நாளைக்கு ஐந்து லீட்டர்.
இரண்டு பேர். மூன்று நாள்.
"முப்பது" என்கிறாள்.
"வாகனம் குடிக்காதா கா?"
அதற்கு ஒரு கான் தனியே எழுதுகிறேன்.
"முகம் கழுவ?"
"நான் மண்ணைத் தொட்டுத் தொழுவன்.
தண்ணி இல்லாத இடத்துக்கு எங்களுக்கு வழி இரிக்கி.
உனக்குத்தான் ஒரு போத்தல் கூட."
முப்பத்தொன்று.

ஏழு வருடம் றியாத்தில்
பாலைவனத்தை ஈரத்துணியால் துடைத்தவள் நான்.
விடியுமுன் ஜன்னல் விளிம்பில் அது வந்திருக்கும்,
மஞ்சள் மாவுபோல, யாரும் அழைக்காமல்.
துடைத்து, பிழிந்து, கழிவு வாளியில் ஊற்றி,
மத்தியானம் மறுபடியும் துடைப்பேன்.
கம்பிக்கு அப்பால் ஒரு மதில்,
மதிலுக்கு அப்பால் இன்னொரு வீட்டின் மதில்.
ஒருநாளும் என் பாதம் அதில் பட்டதில்லை.

பளீலா பட்டிருக்கிறாள் என்று சொல்லலாம்.
புறைதாவில் எசமான் வீட்டார் கூடாரம் அடிக்கப் போனபோது
சட்டிபானையோடு அவளையும் ஏற்றினார்கள்.
இரண்டு இரவும் சமையல் கூடாரத்துக்குள்.
பிள்ளைகள் மணல்மேட்டில் சறுக்கிச் சிரிப்பது கேட்டதாம்.
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால்
அழுதது எதற்கென்று
அவளுக்கே நிச்சயமில்லை.

இந்த முறை பாஸ்போட் எங்கள் கைப்பையில் இருக்கும்.
அதை எழுதவில்லை.
எழுதினால் வேறெதையும் எழுதத் தோன்றாது.

சீட்டுக்காசு தையில் விழும்.
ஏறாவூர் மஜீது அங்கேதான் இன்னும் வண்டி ஓட்டுகிறான்,
நாலு சில்லும் இழுக்கிற வண்டி.
மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைப்
பாதிக்குக் குறைக்கவேண்டும் என்று குரல் அனுப்பியிருக்கிறான்.
இளகினால்தான் மேலே போகுமாம், விறைத்தால் புதையும்.
பளீலா அதை மூன்று தரம் போட்டுக் கேட்டாள்.

தை என்றால் இரவு குளிரும்.
"நிலவுக்குப் போவோம்" என்றாள்.
நிலவில்லாத இரவு எனக்கு வேண்டும்,
வெள்ளி பார்க்க.
கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
மழைதான் கதைத்தது.
மறுகா அவள்தான் சொன்னாள்:
"முதல் ராவு உன்ட. கடைசி ராவு என்ட."
நிலவு அப்படி மூன்று நாளில் மாறுமா என்று
நான் கேட்கவில்லை.

அக்காவின் மகன் தர்சிகன்
போனில் வரைபடத்தை விரித்தான்.
வீதி முடிந்தது. பெயர்கள் முடிந்தன.
விரலால் தள்ளத் தள்ளக் கபிலம், கபிலம்.
"இதுக்குள்ள ஒண்டுமில்லையே மாமி?"
"அதுதான் இடம்" என்றோம்
இருவரும் ஒரே நேரத்தில்.
"அங்க போய் என்ன செய்யிற?"
"இருக்கிற."
"இருந்து?"
"தேத்தண்ணி குடிக்கிற."
"ஆர் போடுற?"

அதை யோசித்திருக்கவில்லை.
பளீலா பேனையை வாங்கி
மஜீதின் பெயருக்கு நேரே
*தேத்தண்ணி* என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.
சிரித்ததில் பில் நழுவிப் படிக்குக் கீழே விழுந்தது.

செருப்பு மிதக்கத் தொடங்கியிருந்தது.
அவள் அதைப் பிடிக்கப் போனாள்,
நான் தாளைப் பிடிக்கப் போனேன்.
முழங்கால்வரை வாவி.
மை கரைந்து முப்பது மட்டும் தெரிகிறது,
எது முப்பதென்று தெரியவில்லை.
"திரும்ப எழுது" என்றாள்,
அபாயாவைப் பிழிந்தபடி.
"உப்பை மறந்திட்டம். உப்பு எழுது முதல்ல."